லியோ மச்சாதுவின் வழுக்குத் தட்டுகள்

ஜூன் 3, திங்கள்

மன்னிக்கவும் மேடம். தட்டின் எண், நிலை, துடைத்த விதம், இந்த மூன்றை மட்டும் தினமும் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். நான் அதற்கு மேலும் எழுதிவிடுவேன் என்று முதல் நாளே தெரிகிறது. போனில் நீங்கள் கேட்டால் "சரிங்க மேடம்" தவிர எனக்கு ஒன்றும் வராது. எழுதினால் வருகிறது. வேண்டாத வரிகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்கள் பார்ப்பதற்காக, தெரிந்ததை எழுதுகிறேன். லியோ மச்சாது இந்தத் தூத்துக்குடியில் பிறந்தவர். இளவயதில் கொழும்புக்குக் கப்பலேறினார். உலக யுத்தம் நடந்தபோது அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் நடன இசைக்குழு நடத்தினார். குழுவின் பெயர் பேர்ல் கோஸ்ட் ஆர்க்கெஸ்ட்ரா. அவரே சாக்ஸபோன் வாசித்தார். கடையில் விற்ற இசைத்தட்டுகள் கொஞ்சம். ஒத்திகையில் பட்டாள ரேடியோக்காரர்கள் பதிவு செய்து கொடுத்த, யாரும் கேட்காத தட்டுகள் நிறைய. எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், பெரிய மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அவர் மகள் இருதயம்மா வீட்டு மாடியில் இருக்கின்றன. உங்கள் ஒலிக் காப்பகத்துக்காக அவற்றை நான் துடைக்க வேண்டும். ஹில்லாரி அண்ணன் ஓட்டி, கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். அவர் கல்யாண வீடுகளில் ரெக்கார்டிங் செய்கிறவர்.

இருதயம்மா என்னிடம் முதலில் கேட்டது பெயர். சொன்னேன்.

"சத்தமா சொல்லு. காலம் பூரா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ நான். எனக்கே கேக்கலன்னா உனக்கு உன் குரல் கேக்குமாட்டி?"

"சந்தனமாரி."

"ம். இப்ப லைன் கிடைச்சிருக்கு."

பிறகு ஒரு விஷயம் சொன்னார். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

"பாட்டெல்லாம் நீங்களே கேளுங்க. பேச்சு ஏதாவது வந்தா மட்டும் என்னையக் கூப்பிடணும். எங்க அப்பா பேச்சு. நான் கேட்டதே இல்ல."

அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே அப்பா கொழும்பில் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அம்மா கர்ப்பத்தோடு கப்பலில் வந்து இறங்கினாராம். இருதயம்மாவுக்கு நடை வருவதற்குள் அம்மாவும் போய்விட்டார். வளர்த்தது அத்தை. இதெல்லாம் அத்தை சொன்னது.

"தெருவுல எனக்கொரு பேரு உண்டு. அப்பன் முகம் பாக்காதவ. பொண்ணு பாக்க வந்தவன்லாம் அந்தப் பேரைக் கேட்டுட்டு, காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டான். காப்பிப்பொடி செலவுதான் மிச்சம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டுமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

தட்டு 1 முதல் 4 வரை: நல்ல நிலை. மெல்லிய பிரஷ், பிறகு ஈரத்துணி.

ஜூன் 5, புதன்

மேடம்! இன்று முதல் முறையாகக் கேட்டேன்.

நான் பி.எஸ்ஸி இயற்பியல். ஒலி அலை, அதிர்வெண் எல்லாம் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் பதினாலு பேர் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்து ஒரே நேரத்தில் ஊதினால் நெஞ்சுக்குள் என்ன நடக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. தாளம் நேராக நடக்கவே இல்லை. ஒரு காலை நீட்டி, ஒரு காலைச் சுருக்கி, துள்ளித் துள்ளிப் போகிறது. நாலைந்து சாக்ஸபோன்கள் சேர்ந்து ஏதோ குறை சொல்கின்றன. டிரம்பெட்காரர்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று பதிலுக்குக் கத்துகிறார்கள். குழாயடிச் சண்டை மாதிரியே இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் சந்தோஷம். சண்டை உச்சத்துக்குப் போகும்போது எல்லாரும் சட்டென்று அடங்க, ஒரே ஒரு சாக்ஸபோன் மட்டும் எழுந்து பேசுகிறது. அவசரமே இல்லாமல். அதுதான் லியோ மச்சாது.

"கால ஆட்டாத மாரி, மேசை ஆடுது. ஊசி குதிக்கும்," என்றார் ஹில்லாரி அண்ணன்.

நான் ஆட்டுவது எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியிலும் கால் அப்படியே நடந்திருக்கிறது. அம்மா உப்பளத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, முள்ளு குத்திட்டா? நொண்டிட்டு வாரே?"

தட்டு 5 முதல் 11 வரை: நல்ல நிலை. 9-இல் ஓரத்தில் சிறு உடைசல், பாட்டைத் தொடவில்லை.

ஜூன் 7, வெள்ளி

தட்டு 12 முதல் 19 வரை: நல்ல நிலை. இருதயம்மா இரண்டு முறை மாடிப்படி பாதி ஏறி வந்து, "ஏதாவது?" என்று கேட்டுவிட்டு இறங்கினார்.

ஜூன் 10, திங்கள்

20 முதல் வேறு வகைத் தட்டுகள் வருகின்றன. முந்தியவை போல இவை அரக்குத் தட்டுகள் இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு. லேபிளில் அச்சு இல்லை, பென்சில் எழுத்துதான். பூச்சின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பூஞ்சை என்றார் ஹில்லாரி அண்ணன். எனக்கு உப்பளத்துப் பாத்தியில் முதல் உப்பு பூப்பது போலத் தெரிந்தது. உள்ளிருந்து கசிந்து மேலே வந்து காய்ந்திருக்கிறது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை.

ஆனால் இவை ஓடவில்லை. ஓரத்தில் ஊசியை வைத்ததும் வழுக்கி வெளியே போய் விழுந்துவிடுகிறது.

"தேஞ்சு போன சாமான்," என்று சொல்லி, ஹில்லாரி அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியில் 'வழுக்கல்' என்று மார்க்கர் பேனாவால் எழுதினார். "பெட்டில போட்டுரு. மேடத்துட்ட சொல்லிருவோம், இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு."

20 முதல் 25 வரை: வழுக்கல்.

ஜூன் 11, செவ்வாய்

மேடம், இன்றைக்கு நடந்ததை எப்படி வரிசையாக எழுதுவது என்றே தெரியவில்லை. கை வேகமாகப் போகிறது.

காலையில் 26-உம் வழுக்கியது. நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த தட்டு என்றால் ஊசி சறுக்கும், குதிக்கும், இஷ்டத்துக்குப் போகும். இது அப்படிப் போகவில்லை. தட்டு சுற்றச் சுற்ற, ஒரே சீராக, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடக்கிறது. 27-உம் அப்படித்தான். யாரோ வழி போட்டுக் கொடுத்தது போல நடந்து போய் விளிம்பில் இறங்குகிறது.

சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். டீ வந்தது. குடித்தோம். டம்ளரைக் கழுவி வைத்தேன். அதற்குப் பிறகுதான் வாய் வந்தது.

"அண்ணே. இது உள்ளருந்து வெளிய ஓடுமோ?"

"என்னது?"

"இல்ல, ஒண்ணுமில்ல."

"ஏ, ஒண்ணு சொல்லு, இல்ல சொல்லாத. பாதியில வாயை மூடுனா எனக்குச் சோறு இறங்காது."

"லேபிள் பக்கத்துல வச்சுப் பாத்தா... அங்கருந்து ஆரம்பிக்குதோ என்னமோ."

"உலகத்துல எல்லாத் தட்டும் ஓரத்துலருந்து உள்ள போவும். இது மட்டும் கடைசி சீட்டுலருந்து டிரைவர் சீட்டுக்கு வருமாக்கும்?"

சொல்லிக்கொண்டே, என்னைக் கேலி செய்வதற்காகத்தான், லேபிளை ஒட்டி ஊசியை இறக்கினார். முதலில் இரைச்சல். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு, மேடம், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் மாடி அறைக்குள் வந்துவிட்டது!

"மாதாவே!" என்று கத்தினார் ஹில்லாரி அண்ணன். வழுக்கல் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்து, அதைக் கும்பிட்டார். இருதயம்மா பாதி அரிந்த வெங்காயத்தோடு மேலே ஓடி வந்தார். ஊசி உள்ளிருந்து வெளியே நகர்வதைப் பார்த்து, "இது என்னடே, நண்டு மாதிரி போவுது," என்றார்.

ஹில்லாரி அண்ணன் சென்னையில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டார். அந்தக் காலத்தில் ரேடியோக்காரர்கள் தட்டை அங்கேயே வெட்டிப் பதிவு செய்வார்களாம். வெட்டும்போது பூச்சிலிருந்து நூலாக உரிவது ஊசியில் சிக்காமல் இருக்க, சிலர் உள்ளிருந்து தொடங்குவார்களாம். எத்தனை வருடம் இந்தத் தட்டுகள் தங்களைச் சரியான பக்கத்திலிருந்து கேட்க ஆளில்லாமல் கிடந்தனவோ.

வழுக்கல் எல்லாம் நல்ல நிலை. முன்பு எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்: 20 முதல் 27 வரை, நல்ல நிலை.

ஜூன் 12, புதன்

ஒத்திகைத் தட்டுகள் என்பதால் எல்லாம் கேட்கிறது. இருமல், காலால் தரையைத் தட்டுவது, காகிதம் புரட்டுவது. 22-ஐ முழுக்கப் பதிவு செய்தபோது பாட்டு தொடங்கும் முன் ஓர் ஆண்குரல். ஓடிப்போய் இருதயம்மாவைக் கூட்டி வந்தேன். ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலி போட்டோம். சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார், யாரோ பார்க்க வருவது போல.

"ஒன், டூ. ஒன், டூ, த்ரீ, ஃபோர்."

அவ்வளவுதான். பிறகு பாட்டு.

மூன்று முறை போட்டுக் காட்டினோம். மற்ற தட்டுகளிலும் தேடினோம். எங்கும் எண்ணிக்கை மட்டும்தான். நல்ல கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு.

"காலம் பூரா எல்லாவனும் எங்கிட்ட நம்பர்தான் சொன்னான்," என்றார் இருதயம்மா. "எங்க அப்பாவுமா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் எழுந்து போகும்போது ஸ்பீக்கரின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 14, வெள்ளி

28, 29, 30: பதிவாகிவிட்டன. இப்போது எனக்கு ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிகிறது. இரண்டாவது டிரம்பெட்காரர் எப்போதும் ஒரு மயிரிழை முந்துகிறார். டிரம் வாசிப்பவர் சந்தோஷம் வந்தால் வாய்விட்டு "ஹா" என்கிறார். லியோ மச்சாது தன் முறை வரும்போது உடனே ஊதுவதில்லை. எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, அடுத்த இடத்தில் நுழைகிறார். அந்தச் சும்மா விட்ட இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. பேசாமல் இருப்பதற்கும் இப்படி ஒரு அழகு உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

31 ஒன்றுதான் பாக்கி. பூச்சில் வெடிப்பு ஓடியிருக்கிறது, காய்ந்த குளம் போல. இங்கே ஓட்டலாமா, உங்களிடம் அனுப்பவா என்று கேட்டோம். வண்டியில் அனுப்பினால் அதிர்விலேயே கொட்டிவிடும், அங்கேயே கவனமாக ஓட்டுங்கள் என்று நீங்கள் ஹில்லாரி அண்ணனிடம் சொன்னீர்கள்.

ஜூன் 18, செவ்வாய்

தட்டு 31: ஓட்டிப் பார்த்ததில் பூச்சு உரிந்துவிட்டது. பதிவு இல்லை.

ஜூன் 19, புதன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

நேற்று தலைவலி இல்லை மேடம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை முழுதாக எழுதுகிறேன். ஹில்லாரி அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எந்த ரெக்கார்டிங்குக்கும் முதலில் ஒரு வெள்ளோட்டம் விடுவார். பதிவு போடாமல் கொஞ்சம் ஓட்டி, சத்தத்தின் அளவைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் பதிவு. கல்யாண வீட்டில் மைக் கத்தாமல் இருப்பது இந்தப் பழக்கத்தால்தான். இங்கே முப்பது தட்டுக்கும் அப்படித்தான் செய்தார். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

31-க்கும் செய்தார். இருதயம்மா கோயிலுக்குப் போயிருந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இரைச்சல் எங்கே வருகிறது என்று கவனிக்க ஹெட்போனை எனக்குக் கொடுத்தார். அவர் கண் அளவுமானி மேல். கேட்டது நான் ஒருத்திதான்.

குழந்தை அழுதது.

முதலில் தட்டின் கீச்சு என்று நினைத்தேன். இல்லை, குழந்தைதான். கைக்குழந்தை. ஒரு பெண்குரல் தூரத்தில் ஏதோ சொன்னது, வார்த்தை புரியவில்லை. செருப்புச் சத்தம். பிறகு பக்கத்திலேயே அந்தக் கனத்த குரல். நம்மூர்த் தமிழ்.

"கொண்டு போவாத, இருக்கட்டும். இருதயம் அழுதா அழட்டும். சுதியோடதான அழுவுதா."

ஆட்கள் சிரித்தார்கள்.

"நம்ம டிரம்பெட்காரனுக்கு இவ தேவல."

இன்னும் சிரிப்பு. அதன் பிறகு சாக்ஸபோனில் ஒரே ஒரு சுரம். குழந்தை எந்தச் சுரத்தில் அழுததோ அதே சுரம், மெதுவாக, நீளமாக. குழந்தை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒன், டூ என்று எண்ணத் தொடங்கினார். அப்போது ஊசியின் முன்னால் கறுப்புப் பூச்சு சுருண்டு எழுந்தது. ஹில்லாரி அண்ணன் கையைத் தூக்குவதற்குள் அது பட்டையாக உரிந்து வந்துவிட்டது. அடியில் வெறும் அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. மீதியை ஓட்டினோம். கரகரப்பு மட்டும்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ ஏதாவது கேட்டியா மாரி? அதுல ஏதாவது இருந்துச்சா?"

"இல்லண்ணே. இரைச்சல்தான்."

அப்படிச் சொல்லிவிட்டேன். அவர் அவ்வளவு பயந்து போயிருந்தார்.

மேடம், இருதயம்மா பிறந்து, பெயர் வைத்து, அப்பா மடியில் இல்லாவிட்டாலும் அப்பா இருந்த அறையில் இருந்திருக்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அத்தை சொன்ன கதை தவறு. அது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குச் சந்தோஷத்தில் பஸ்ஸில் எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. அதே சமயம் வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

நாளை சொல்லிவிடுவேன். முதலில் ஹில்லாரி அண்ணனிடம்.

ஜூன் 21, வெள்ளி

ஹில்லாரி அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா மறைச்ச? மடச்சி," என்றார். பிறகு, "போ. போய்ச் சொல்லு. நானும் வாரேன். திட்டு விழுந்தா பாதி எனக்கு."

இருதயம்மா சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடித்ததும் தண்ணீரில் கையை அலசினார்.

"யாரு சொல்லச் சொன்னா உன்னைய?"

"யாரும் சொல்லல."

"கிழவி நாலு நாளா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்காளே, ஒரு ஆறுதல் சொல்லுவோம்னு நினைச்சியோ?"

"இல்லம்மா. நான் கேட்டேன்."

"இவ பொய் சொல்ற பிள்ளை இல்ல," என்றார் ஹில்லாரி அண்ணன்.

"நீ சும்மா இருல. அன்னைக்கு உங்கிட்ட இரைச்சல்னு சொன்னவதான?"



இருதயம்மா என்னையே பார்த்தார். பிறகு, "முகத்தைப் பாத்தா எனக்கு ஒண்ணும் விளங்காது," என்றார். "முகம் பாத்து நான் வேலை செய்யல. வீட்டுல இருந்துக்கிட்டே 'அவரு வீட்டுல இல்ல'ன்னு அவரே சொல்லுவாரு, கேட்டிருக்கேன். லைன்ல எனக்குப் பொய் கேக்கும். மேல போ. போன் போடு."

மேடம், போன் என்றால் எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மாடிக்குப் போய், கதவைச் சாத்தி, எண்ணை அழுத்தினேன். கீழே அவர் போன் அடிப்பது படி வழியாகவும் கேட்டது.

"நம்பர் ப்ளீஸ்," என்றார். வேறு குரல். கண்டிப்பான, சீரான, நான் இதுவரை கேட்காத குரல்.

"நான்தாம்மா..."

"நீ யாருன்னு கேக்கல. அவரு என்ன சொன்னாருன்னு சொல்லு. அவரு சொன்ன மாதிரியே. இடைவெளி விட்ட இடத்துல விடு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை அழுதது என்றேன். பெண்குரல், வார்த்தை புரியவில்லை என்றேன். செருப்பு என்றேன். பிறகு என் குரலை விட்டுவிட்டு அவர் குரலில் சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் இதுவரை எதையும் சொன்னதில்லை. கொண்டு போவாத, இருக்கட்டும். இருதயம் அழுதா அழட்டும். சிரிப்பு வந்த இடத்தில் நிறுத்தினேன். டிரம்பெட்காரன் என்றேன். அந்தச் சுரத்தை வாயால் இழுத்தேன், என் மூச்சு தீரும் வரை. அதன் பிறகு யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்த அந்த இடத்தையும் விட்டேன். ஒன், டூ என்றேன். நிறுத்தினேன்.

லைனில் ஒன்றுமில்லை. வெகு நேரம்.

"அம்மா?"

"கட் பண்ணாத. இருக்கேன்."

கீழே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொம்பள என்ன சொன்னா?"

"அது கேக்கலம்மா. தூரமா இருந்துச்சு."

"ஏதாவது சொல்லியிருக்கலாமேட்டி. 'என் தங்கம்'னு சொன்னாவ, 'அழாதடி ராசாத்தி'ன்னு சொன்னாவன்னு. நான் நம்பியிருப்பேனே."

"கேக்கல. கேக்காததை எப்படிச் சொல்லட்டும்?"

கீழே மூக்கு உறிஞ்சும் சத்தம், போனிலும் படியிலும் இரண்டு முறை கேட்டது.

"அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு," என்றார் இருதயம்மா. "திரும்பச் சொல்லு. முதல்லருந்து."

நாலு முறை சொன்னேனோ, ஐந்து முறையோ. கடைசியில் இறங்கிப் போனபோது அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ஹில்லாரி அண்ணன் அடுப்பில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், அழுதுகொண்டே.

"என்னல அழுவுத?" என்றார் இருதயம்மா. "சுதி சேரல."

ஜூன் 24, திங்கள்

இருதயம்மா இன்று தெருவில் இரண்டு வீடு ஏறி இறங்கிவிட்டு வந்தார். "எங்க அப்பா என்னையப் பாத்திருக்காரு, டிரம்பெட்காரனவிட நல்லா அழுவுதேன்னு சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். எதிர்வீட்டு அம்மா, "எங்க, போட்டுக் காட்டுங்க கேப்போம்" என்றாராம்.

"போன் நம்பர் தாரேன், மாரிகிட்ட கேளுன்னுட்டேன்," என்றார். "அத்தை ஏன் அப்படிச் சொன்னான்னுதான் தெரியல. இங்கயே பிறந்தவன்னு சொன்னாத்தான் நான் இந்த வீட்டுப் பிள்ளை ஆவேன்னு நினைச்சாளோ என்னமோ. கேக்க ஆளில்ல."

எதிர்வீட்டு அம்மா உண்மையிலேயே போன் செய்தார். நான் எடுத்தேன். சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

சாயங்காலம் உங்கள் பதில் வந்தது மேடம். இறுதிப் பட்டியலின் வரைவும் வந்தது. இவ்வளவு நீளமாக எழுதியதற்கு நீங்கள் கோபப்படவில்லை, நன்றி. "நீ கேட்டதை நான் நம்புகிறேன். ஆனால் ஒலி இல்லாத ஒன்றை ஒலிப்பட்டியலில் சேர்க்க வழியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் கடைசி வரி: தட்டு 31, சேதம், பதிவு இல்லை. அந்தப் 'பதிவு இல்லை' முதலில் நான் எழுதிய வாசகம்தான்.

ஜூன் 26, புதன்

வேலை முடிந்துவிட்டது. தட்டுகள் எல்லாம் புதிய உறைகளில். 31-இன் தகட்டையும் உரிந்த பூச்சையும் தனியாகப் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். ஹில்லாரி அண்ணன் நாளைக் காலை கருவிகளை எடுத்துப் போகிறார். இன்று முழுவதும் 22-ஐயும் 28-ஐயும் திரும்பத் திரும்பப் போட்டோம். வேலை என்று சொல்ல முடியாது. இருதயம்மா நடுக்கூடத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆடினார். என்னையும் இழுத்தார். நானும் ஆடினேன் என்று இங்கே எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஆடினேன்.

பட்டியலை நாளை அனுப்பப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

ஒலி இல்லை என்கிறீர்கள். அந்த ஒலி இப்போது ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அதுவும் நாளாக நாளாகத் தேயும். நேற்று எதிர்வீட்டு அம்மாவின் மருமகளுக்குச் சொன்னபோது, செருப்புச் சத்தம் பெண்குரலுக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று ஒரு கணம் தடுமாறினேன். பின்னால்தான். ஆனால் தடுமாறினேன். இன்னும் கொஞ்ச நாளில் இருதயம்மாவின் ஆசைக்காக அந்தப் பெண்குரலுக்கு நானே ஒரு வார்த்தை கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ஹில்லாரி அண்ணனின் மைக் நாளைக் காலை வரை இங்கே இருக்கிறது. அதன் முன்னால் நான் உட்கார்கிறேன். என் பெயரைச் சொல்கிறேன். தட்டு 31-ஐ ஜூன் 18 அன்று கேட்டவள் நான் என்று சொல்கிறேன். குழந்தை அழுததிலிருந்து, ஒன், டூ வரை, கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன். கேட்காததைக் கேட்கவில்லை என்று சொல்கிறேன். வெள்ளோட்டம் வேண்டாம், முதலிலிருந்தே பதிவு போடச் சொல்கிறேன்.

மேடம், 'பதிவு இல்லை' என்ற வரியை எடுத்துவிட்டு, முப்பத்தொன்றாம் எண்ணுக்கு என் குரலை வைத்துக்கொள்வீர்களா?